அடுத்த கோச்சை அறிந்தவர்

நவம்பர் குளிரில் தவளைகள்கூடப் பூமிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் அதே குளிரில், டென்னசி மாநிலத்தின் வெக்ஸ்லி என்ற சிற்றூரில், ஓர் இனம் மட்டும் வெளியே வரும். இந்த இனத்துக்கு ‘ஆளை மாற்றுவோர்’ என்று பெயர் வைக்கலாம். இவர்கள் வெக்ஸ்லி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்கள் அல்ல. பாதிப் பேர் அங்கே படித்தவர்கள்கூட அல்ல. என்றாலும் அதன் அமெரிக்க ஃபுட்பால் அணியின் தலைமைக் கோச்சை எந்த வாரம் வீட்டுக்கு அனுப்புவது, அவர் நாற்காலியில் யாரைக் கொண்டுவந்து உட்காரவைப்பது என்ற கவலை தங்கள் தலையில்தான் விடிந்திருக்கிறது என்று மனமார நம்புகிறவர்கள். யார் கேட்டார்கள் இவர்களை? அதைத்தான் கேட்கக் கூடாது.

கார்லிஸ் டாக்கெட் இந்த இனத்தில் நன்கு விளைந்த ஓர் உருப்படி. வயது அறுபத்தொன்று. நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை. வெக்ஸ்லி அணிக்கு ‘நாரைகள்’ என்று பெயர். கார்லிஸின் தொப்பியில் நாரை, சட்டையில் நாரை, கடைவாசலில் தகரத்தில் வெட்டிய ஆளுயர நாரை. இளவயதில் அவர் ஒரே ஒரு பருவம் பள்ளி அணியில் இருந்தார். அதிலும் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் ஆட்டம் முழுசாகத் தெரியும் என்பது அவர் சித்தாந்தம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய ஆராதனை முடிந்ததும், ஆற்றுப்பாலத்தருகே இருக்கும் உணவுக்கடையின் மூலை மேஜையில் இவர்களின் மந்திரிசபை கூடும். கார்லிஸ், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஹாய்ட், நாற்பது வருஷம் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த லவெர்ன் அம்மாள் ஆகிய மூன்று பேர். லவெர்னை ஊரே ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடும். அந்த ஊரில் பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற ரொட்டியும் அதன்மேல் ஊற்றிய வெள்ளைக் குழம்பும் வந்து, காப்பி இரண்டாவது முறை நிரப்பப்படும்வரை யாரும் கோச்சின் பெயரை எடுக்கமாட்டார்கள். அது நாகரிகம். பிறகு கார்லிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

“ஹாஸ்கின்ஸ் நல்ல மனுஷன். அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.”

வெக்ஸ்லியில் ஒரு கோச்சை நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டால், அவர் சாமான் கட்ட அட்டைப்பெட்டிகளைத் தேட ஆரம்பித்துவிடலாம்.

“குடும்பம்கூடத் தங்கமான குடும்பம்,” என்பார் ஹாய்ட்.

“ஆனா மூணு ஜெயிப்பு, எட்டு தோல்வி,” என்பார் டீச்சர். அவர் கையில் எப்போதும் கட்டம் போட்ட நோட்டு ஒன்று இருக்கும்.

அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியாகிவிட்டது, இனி வாரிசு யார் என்பதுதான் கேள்வி. கார்லிஸ் காகிதக் கைத்துண்டு ஒன்றை விரித்துப் பேனாவைத் திறப்பார். அவருடைய ஆட்கள் எல்லாருமே பெரிய இடத்துப் பெரிய பெயர்கள். தேசிய அளவில் கோப்பை வாங்கியவர்கள். வெக்ஸ்லி என்று ஓர் ஊர் இருப்பதையே கேள்விப்படாதவர்கள். “நம்ம ஊர் ஆத்து மீனை ஒருதடவ சாப்பிட்டா வந்துருவாரு,” என்பார் கார்லிஸ். ஹாய்ட்டுக்கு எப்போதும் ஒரே ஆள்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் நாரைகளுக்காக ஆடி, இப்போது கன்சாஸ் பக்கம் காப்பீடு விற்றுக்கொண்டிருப்பவன்.

“அவன் கோச் வேலையே பாத்ததில்லயே,” என்பார் டீச்சர்.

“நம்ம ரத்தம் டீச்சர். ரத்தம் கத்துக்கும்.”

டீச்சரின் ஆள் அயோவாவில் ஏதோ ஒரு சின்னக் கல்லூரியில் இருந்தார். அவர் பெயரை டீச்சரைத் தவிர யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்த ஒன்றே அவருடைய பெரிய தகுதி. “என் கணக்குப்படி அவர் மேதை,” என்பதோடு டீச்சர் நிறுத்திக்கொள்வார். கோச்சை மாற்றுவதற்கு முறிக்கவேண்டிய ஒப்பந்தம், பல்கலைக்கழகத்தின் சம்மதம், வரப்போகிறவரின் சம்மதம் இதெல்லாம் என்ன ஆவது? “அதப் பெரியவங்க பாத்துப்பாங்க,” என்பார்கள் மூவரும்.

ஞாயிறோடு முடிகிற வேலையா இது? செவ்வாய்க்கிழமைதோறும் வானொலியில் ரசிகர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி. அதில் கார்லிஸின் குரல் வராத வாரம் கிடையாது. “நான் பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன்” என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பேசுவார். ஹாய்ட்டின் மருமகள் வீடு விற்றுத்தரும் தரகர். ‘ஒரு பெண் ஐந்து படுக்கையறை வீடு கேட்டு வெளிமாநிலத்திலிருந்து போன் செய்தாள்’ என்று அவள் சொன்னதைக் கொண்டு மூன்று வாரம் ஓடியது. அஞ்சு படுக்கையறை யாருக்கு வேணும்? கோச்சுக்குத்தான் வேணும். பிறகு அந்தப் பெண் பல் டாக்டர் என்றும், அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் இரண்டு ஜோடி என்றும் தெரியவந்தது. அது பொருட்படுத்தப்படவில்லை.

இந்த இனத்தின் உச்சபட்ச வித்தை விமானம் பார்ப்பது. எந்தச் சின்ன விமானம் எந்த ஊரிலிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று கைபேசியிலேயே பார்க்கலாம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து கார்லிஸ் தரையில் நடப்பதில்லை. டயருக்குக் காற்றடித்துக்கொண்டே வானத்தை மேய்வார்.

அமெரிக்காவே குடும்பமாகக் கூடி உண்ணும் நன்றி நாள் விருந்துக்கு முந்தைய புதன்கிழமை, பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, அது நடந்தது. மனைவி நொரீன் வான்கோழி வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தாள். வாங்கி வண்டியில் வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்த்தார் கார்லிஸ். அயோவாவிலிருந்து ஒரு சின்ன விமானம். நேராக வெக்ஸ்லியை நோக்கி.

“டீச்சர், உங்க ஆளு வராரு,” என்றார் போனில். 

கால் மணி நேரத்தில் மூன்று பேரும் ஊருக்கு வெளியே இருந்த விமானத் திடலின் கம்பிவேலியோரம் நின்றார்கள். ஹாய்ட் மான் வேட்டைக்கு வைத்திருந்த தொலைநோக்கியைக் கொண்டுவந்திருந்தார். டீச்சர் உதட்டுச்சாயம் பூசியிருந்தார்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பழைய சாம்பல்நிற வண்டியில் சாய்ந்தபடி, காகிதக் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டு. அவர் திரும்பினார். கோச் ஹாஸ்கின்ஸ்.

ஓடுவதற்கு இடமில்லை. ஹாய்ட் தொலைநோக்கியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அது முழங்கை நீளம்.

“டயர் கடை டாக்கெட் தானே நீங்க?” என்றார் கோச். “குரல் நல்லாத் தெரியும். செவ்வாய்க்கிழமை, மூணாவது ஆள்.”

கார்லிஸ் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

“நீங்க கேப்பீங்கன்னு தெரியாது கோச்.”

“பயிற்சி முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரம். வண்டில அதான் ஓடும்.” கோச் காப்பியை ஒரு வாய் குடித்தார். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தார். அவ்வளவு பக்கத்தில் பார்த்தால் தொலைக்காட்சியில் தெரிவதைவிட இளையவர். “சரி, சொல்லுங்க. நிஜமாத்தான் கேக்கறேன். என் இடத்துல யாரப் போடலாம்?”

மூன்று வருஷமாக, நாளைக்கு நாலு தடவை, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன மனிதர் கார்லிஸ். வாய் திறந்தது. ஒரு பெயரும் வரவில்லை. ஹாய்ட் வானத்தைப் பார்த்தார். டீச்சர் மட்டும் நாற்பது வருஷப் பழக்கத்தில் பேசிவிட்டார்.

“ஆட்டத்தோட மூணாவது பகுதி. எட்டுத் தோல்வில ஆறு அங்கதான் போச்சு. இடைவேளை முடிஞ்சு வந்ததும் பசங்க தூங்கிடறாங்க.”

“ஏழு, டீச்சர்,” என்றார் கோச். “எனக்கும் தெரியும். படுத்தா அதான் நினைப்பு. என்ன பண்ணாச் சரியாகும்னுதான் தெரியல.”

டீச்சர் நோட்டைத் திறந்து பார்த்து, ஏழு என்று திருத்திக்கொண்டார்.

 இத்தனை நாளாகக் கார்லிஸ் கத்திக்கொண்டிருந்ததற்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: இந்த ஆளுக்குத் தன் தவறு தெரியவில்லை, யாராவது உரக்கச் சொன்னால் தெரிந்துவிடும். தெரிந்தேதான் இருந்திருக்கிறது. டீச்சரின் நோட்டைவிட ஒன்று கூடுதலாகவே.

விமானம் இறங்கியது. கோட்டு போட்ட இரண்டு பேர் இறங்கி, வேலிக்கதவைத் தாண்டி, டீச்சரையும் ஹாய்ட்டையும் கடந்து, நேராகப் போய்க் கோச்சின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “உங்களச் சந்திக்கத்தான் இவ்வளவு தூரம். எங்க கல்லூரி சின்னதுதான், ஆனா எல்லாரும் உங்க பேரத்தான் சொல்றாங்க,” என்றார் ஒருவர்.

கோச் மூவர் பக்கம் திரும்பினார்.

“அடுத்த கோச்சப் பாக்கத்தானே வந்தீங்க? பாத்தாச்சு. ஊருதான் வேற.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரு உதவி. சனிக்கிழமை ஆட்டம் முடியறவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். பசங்க காதுல விழுந்தா உடஞ்சு போயிடுவாங்க.”

“என் வாயிலேர்ந்து வராது கோச்,” என்றார் கார்லிஸ்.

ஹாய்ட் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

வாசகரே, அந்த வேதனையை எண்ணிப்பாருங்கள். பொய்யான செய்திகளை வருஷக்கணக்கில் இலவசமாக விநியோகித்த ஒரு மனிதருக்கு, வாழ்நாளில் முதல்முறையாக, அசல் செய்தி ஒன்று கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லக் கூடாது. மறுநாளே விருந்து. மேஜையைச் சுற்றிப் பதினாலு பேர். எதிரில் நொரீனின் தம்பி டுவைட். அவனும் இதே இனம். ஆனால் அறிவில் தனக்கு ஒரு படி கீழே என்பது கார்லிஸின் கருத்து.

“என்ன மச்சான், இந்த வருஷம் ஒண்ணும் பேசமாட்டேங்கறீங்க? அடுத்த கோச் யாரு?”

“தெரியல,” என்றார் கார்லிஸ்.

 நொரீன் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“தெரியலயா?” டுவைட் சிரித்தான். “எனக்குத் தெரியும். நேத்து அயோவாலேர்ந்து ஒரு விமானம் வந்துச்சு. உள்ள இருந்தது யாருன்னு எனக்கு நம்பகமான தகவல். உங்களுக்கு வயசாயிடுச்சு மச்சான். முன்ன மாதிரி விவரம் இல்ல.”

பதினாலு பேரும் டுவைட் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ‘விவரம் இல்லாதவர்’ என்று கார்லிஸை அவர் வீட்டிலேயே, அவர் வாங்கிவந்த வான்கோழிக்கு எதிரிலேயே சொல்லியாகிவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும். டுவைட் அடுத்த பத்து வருஷத்துக்கு எழுந்திருக்கமாட்டான். அந்த வாக்கியம் கார்லிஸின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவர் அதன்மேல் பூசணி பை என்ற இனிப்பு அடையில் ஒரு துண்டை வைத்து அடைத்தார். அது போதவில்லை. இன்னொன்று. மொத்தம் நாலு துண்டு தின்று ரகசியத்தைக் காப்பாற்றினார். அன்று சாயங்காலம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் படுத்திருந்தபோதும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நாரைகள் மூன்றாம் பகுதியில் தூங்கவில்லை. பையன்கள் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்; டீச்சர் நோட்டில் எழுத மறந்து எழுந்து நின்றார். நான்காம் பகுதியில் தோற்றார்கள். ஒரே ஒரு புள்ளியில். மைதானம் முழுக்கக் கோச்சைப் பார்த்து ‘போ, போ’ என்று கத்தியது. கார்லிஸ் எழுந்து கைதட்டினார். பக்கத்தில் இருந்தவன், “எதுக்குய்யா தட்டற?” என்றான். கார்லிஸ், கோச் தலையைக் குனிந்துகொண்டு சுரங்கவழிக்குள் போய் மறையும்வரை தட்டினார். தோற்றதற்காக அவர் அழுதது உண்டு. ஒரு கோச்சுக்காகக் கண் கலங்கியது அன்றுதான்.

ஞாயிறன்று காலை உணவுக்கடைத் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. கடையே கொதித்தது. “நம்மள விட்டுட்டுப் போறானா? நன்றி கெட்டவன்,” என்றார் அடுத்த மேஜைக்காரர். முந்தின நாள் ‘போ’ என்று எழுதிய அட்டையைப் பிடித்திருந்தவர் அவர்தான். “எவ்வளவு ஆதரவு குடுத்தோம்,” என்றது இன்னொரு குரல்.

மூலை மேஜையில் மூவருக்கும் முன்னால் பிஸ்கட் ஆறிக்கொண்டிருந்தது.

“அயோவாக்காரங்க குடுத்துவச்சவங்க,” என்றார் கார்லிஸ் கடைசியில். உண்மையாகவே சொன்னார். ஹாய்ட் தலையசைத்தார். டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துக்கத்தில் பொய் ஒன்றும் இல்லை. என் கண்ணால் பார்த்தேன். கடைச்சுவரின் கடிகாரத்தையும் பார்த்தேன். துக்கம் பதினோரு நிமிஷம் நீடித்தது.

பிறகு கார்லிஸ் ஒரு காகிதக் கைத்துண்டை எடுத்து மேஜைமேல் நீவி விரித்தார்.

“சரி,” என்றார். “இப்ப இடம் நிஜமாவே காலி. இனிமே விளையாட்டா யோசிக்கக் கூடாது.”

“கன்சாஸ்ல ஒருத்தன் இருக்கான்,” என்றார் ஹாய்ட்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். வெக்ஸ்லியையே பார்த்ததில்லை, இந்த ஆட்டத்தில் பந்து ஏன் முட்டை வடிவில் இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது, அப்புறம் உங்களுக்கும் அந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லைதான். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, விஷயம் பரவாயில்லை, எழுதிய ஆள்தான் சரியில்லை, நல்ல மனுஷனாக இருக்கலாம், என்றாலும் இதையே இன்னாரிடம் கொடுத்திருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று நடுவில் எங்காவது உங்களுக்குத் தோன்றியிருந்தால், மூலை மேஜையில் நாலாவது நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது. காப்பியை நீங்கள் கேட்கவே வேண்டாம். அவர்களே வந்து நிரப்புவார்கள்.