ஹீட்டருக்கு நாடி பார்த்தவர்

இயந்திரம் ஒன்று முனகினால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? அணைத்துவிட்டு, விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுவோம். அப்படிச் செய்யாமல், கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஆள்காட்டி விரலை உயர்த்தி, "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க" என்று சொல்லும் இனம் ஒன்று உண்டு. காதாலேயே ரிப்பேர் பார்க்கும் இனம். மிக்ஸியோ, மின்விசிறியோ, அடுத்த வீட்டு ஸ்கூட்டரோ, எது சத்தம் போட்டாலும் இவர்களுக்கு அது அழைப்பிதழ். கழற்றிய பாகங்களைத் திரும்ப மாட்டும்போது இரண்டு மிஞ்சுமே, அவற்றை "இதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா அழகுக்கு வச்சது" என்று சொல்லி ஒரு டப்பாவில் போட்டுவிடுவார்கள். அந்த டப்பாவும் வருடா வருடம் கனத்துக்கொண்டே போகும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில் வசிக்கும் பூகோள வாத்தியார் இந்த இனத்தில் முதல் தரம். ஓய்வுபெற்றுவிட்டார், அதாவது பள்ளிக்கூடத்திலிருந்து. நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை இயந்திரத்தின் மேல் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பதால் குடியிருப்பில் அவருக்கு 'ஸ்டெதஸ்கோப் சார்' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நாற்பது நாள், தினமும் அரை மணி நேரம், வெதுவெதுப்பான தண்ணீரில் நின்று காலை மடக்கி நீட்ட வேண்டும், நடுவில் விட்டால் முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நல்லவேளையாகக் குடியிருப்பில் நீச்சல் குளம் இருந்தது. குளத்தை ஒட்டிய பம்ப் அறையில் கேஸில் எரியும் ஹீட்டரும் இருந்தது. பதினொரு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் ஹீட்டர் "கொட கொட கொட... டொம்" என்றது.

குடியிருப்புச் செயலாளர் ஓடிவந்து ஹீட்டரை அணைத்தார். மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவர் வெளியூரில் இருந்தார். வர ஐந்து நாள் ஆகும் என்றார். ஐந்து நாள்! ஸ்டெதஸ்கோப் சாருக்கு வேறென்ன வேண்டும்?

"ரெண்டு நிமிஷம் மட்டும் ஆன் பண்ணுங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

"வெடிச்சுக் கிடிச்சுடப் போகுது சார்!"

"வெடிக்கிற சத்தம் வேற மாதிரி இருக்கும்."

முதல் நாள் கேட்டுவிட்டு, பர்னரில் தூசி என்றார். மறுநாள் காற்றாடியில் பேரிங் போய்விட்டது என்றார். மூன்றாம் நாள் ஹீட்டரே காரணமில்லை, பக்கத்துத் தெருவில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், அந்த அதிர்வு பாறை வழியாக வருகிறது என்று நிலநடுக்கப் பாடம் எடுத்தார். நடுவில் மெக்கானிக்கையே போனில் பிடித்து, குளக்கரையில் நின்று ஹீட்டர் மாதிரிக் கத்திக் காட்டினார். "கொட கொட" இல்லை, "குடு குடு" என்று செயலாளர் குறுக்கிட, இருவரும் மாறி மாறிக் கொடகொடத்துக் குடுகுடுத்ததில், மறுமுனையில் இருந்தவர் எப்போது போனை வைத்தார் என்று யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் அவர் மனைவி தினமும் துண்டோடு வந்து உட்கார்ந்தார். கட்டைவிரலைத் தண்ணீரில் வைப்பார், "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொள்வார், துண்டை மடிப்பார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போவார். அந்தப் படியேற்றத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாத்தியார் மறுபடி பம்ப் அறைக்கு ஓடினார். உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் பந்தாவுக்காக மட்டும் அந்தப் பம்ப் அறையில் தவம் கிடக்கவில்லை. மனைவியை எப்படியாவது மறுபடி தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்று கிடந்து தவித்தார். தவிப்பு அதிகமானால் நாம் என்ன செய்வோம்? தெரிந்ததைச் செய்வோம். அவருக்குத் தெரிந்தது ஸ்குரூடிரைவர்.

ஆறாம் நாள் மெக்கானிக் வந்தார். காதை எங்கும் வைக்கவில்லை. குழாயைத் தொட்டுக்கொண்டே நடந்து, ஃபில்டருக்குப் பின்னால் குனிந்தார்.

"இந்த வால்வை யாரு மூடினது?"

"ஏன், என்ன ஆச்சு?" என்றார் செயலாளர்.

"பாதிக்கு மேல மூடியிருக்கு. ஹீட்டருக்குள்ள போதுமான தண்ணி போகல. போன கொஞ்சத் தண்ணியும் உள்ளயே கொதிக்குது. கொதிச்சா சத்தம் வராம என்ன செய்யும்?"

வாத்தியாருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. பதினொன்றாம் நாள் மாலை! குழாயில் ஏதோ லேசாக "உஸ்ஸ்" என்று கேட்டது. யாருக்கும் கேட்காத உஸ். அவர் காதுக்கு மட்டும் கேட்ட உஸ். வால்வை ஒரே ஒரு திருகு திருகினார், உஸ் நின்றது. யாரிடமும் சொல்லாமல் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

"யாரும் தொட்டிருக்க மாட்டாங்களே..." என்று இழுத்தார்.

துண்டோடு வந்து நின்ற மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடமாகப் பார்க்கும் முகம். மிக்ஸி புகைந்த அன்றும் இதே முகம்தான்.

"நான்தாம்பா தொட்டேன்," என்றார் மெக்கானிக்கிடம். "துண்டு தொங்கவிட இடம் தேடினேன். கைபட்டுத் திரும்பியிருக்கும்."

"என்னம்மா நீங்க! தெரியாத இடத்துல கை வைக்கலாமா? இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா உள்ள இருக்கிற காயில் குழாய் மொத்தமும் போயிருக்கும். பெரியவங்க, படிச்சவங்க, உங்களுக்குத் தெரிய வேணாமா? உங்க காலுக்கு நீங்களே..."

"யோவ், அவளை ஏன்யா திட்டுற?" வாத்தியாரின் குரல் பம்ப் அறையில் எதிரொலித்தது. "நான்தான் திருகினேன். நல்லாத் தெரிஞ்சேதான் திருகினேன். திட்டணும்னா என்னைத் திட்டு."

செயலாளர் கூரையைப் பார்த்தார். மெக்கானிக் வால்வைத் திறந்து, ஹீட்டரைப் போட்டார். சத்தமில்லாமல் எரிந்தது.

"தம்பி, இன்னும் ஏதோ புஸ்புஸ்ஸுன்னு கேக்குதே?"

"அது நீங்க மூச்சு விடுற சத்தம் சார்."

மறுநாள் காலை தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மனைவி இடுப்பளவு தண்ணீரில் நின்று மெதுவாகக் காலை மடக்கினார். ஆறு நாள் இடைவெளியில் முட்டி கொஞ்சம் முரண்டு பிடித்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டார். வாத்தியார் கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்குரூடிரைவர் மேலே வீட்டு அலமாரியில் இருந்தது. அலமாரியைப் பூட்டிய சாவி மனைவியின் கைப்பையில்.

"ஏங்க, மடக்கும்போது உள்ள 'டக்'குன்னு ஒரு சத்தம் வருது."

அவர் தலை தானாகச் சாய்ந்தது. ஆள்காட்டி விரல் பாதிவரை எழுந்தது. பிறகு அந்த விரலை மற்ற விரல்களோடு சேர்த்து மடக்கி, "டாக்டருக்குப் போன் பண்றேன்," என்றார். தன் வாழ்நாளில் அவர் சொன்ன மிகச் சரியான ரிப்பேர் யோசனை அதுதான்.

பாவம், என்ன மனுஷன் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சமையலறையில் உங்கள் ஃபிரிட்ஜ் இப்போது லேசாக "ம்ம்ம்" என்று இழுக்கிறதே, கேட்டதா? நேற்று அந்தச் சத்தம் இல்லை, இல்லையா? எங்கே, அதற்குள் எழுந்துவிட்டீர்களே!