தலைக்கு மேல் மூவார் மணல்

செத்தாலும் சாகலாம், மனைவி கெர்ட்ரூட்டிடம் தோற்கக் கூடாது. சிகாமட் கடைத்தெருவில் பேரத்துக்குப் பேர்போன அரிசிக்கடை அமலதாஸ் அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த சபதம் இது.

வினை தலைக்கு மேல் இருந்தது. வீட்டுக்குச் சிமெண்டு மேல்தளம் போட்டபோது, வெள்ளத்தில் கிடந்த துருக்கம்பியை அடித்துப் பேசி வாங்கினார். மூவார் கடற்கரை மணலும் மலிவாக வந்தது.

"உப்பு மணலுங்க. கம்பியைத் தின்னுடும்" என்றாள் மனைவி.

"சிமெண்டுக்குள்ள போன துரு, குழிக்குள்ள போன பொணம். எந்திரிக்காது!" என்று சீறினார்.

எழுந்துவிட்டது. உள்ளே துரு ஊதிப் பெருத்து, கம்பி ஓடிய கோட்டிலேயே தளத்தைப் பிளந்தது. பிளவிலிருந்து செந்நீர் வடிந்தது. ஜன்னலோரக் கட்டிலில் அண்ணாந்து படுக்கும்போதெல்லாம் அவர் கண்ணில் அதுவே பட்டது.

அன்று அவள் மாதா கோயில் பூசைக்குப் போனதும் ஏணி வைத்து ஏறிச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்.

"மூக்குல என்னங்க வெள்ளை?"

"பவுடர்."

"ஏணியும் பூசிக்கிச்சா?"

காதில் விழாதவர்போல் சாப்பிட்டு எழுந்தார். "புழுக்கமா இருக்கு. பின்னாடி அத்தாப்பு ஓலைக் கொட்டகையில படுக்கலாமா?"

"நீங்க போங்க. நான் இங்கயே படுக்கிறேன்."

போனார். கண்ணை மூடினால் அவள்மேல் தளம் சரிந்தது. திறந்தால் வீட்டின் பக்கமே பார்வை போனது. திடீரென்று வீட்டுக்குள் 'டொப்'!

உள்ளே ஓடினார். அவருடைய தலையணையில் தேங்காய் அளவு சிமெண்டுக் கட்டி. பக்கத்தில் அவள், அசையாமல்.

"அலமாக், ஐயோ! எந்திரிடி! உப்பு மணல்தான்! துருக்கம்பிதான்! நீ சொன்னதுதான் சரி! மாதாவே, வெளிய வாடி!"

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "கத்தாதீங்க. என் பக்கம் விழாது."

"என்னது?"

"தளம் போட்ட அன்னிக்குச் சாப்பிட்டு உறங்கப் போனீங்கல்ல? கொத்தனார் செல்லப்பன்கிட்ட என் வளையலைக் குடுத்து, மீதிப் பாதிக்கு ஆத்து மணலும் புதுக் கம்பியும் போட வச்சேன். அதான் கட்டிலை இந்த நல்ல பாதிக்குக் கீழ தள்ளித் தள்ளிப் போடுறேன். நீங்கதான் காத்து வரலைன்னு ஜன்னலுக்கே இழுக்கிறீங்க."

அமலதாஸ் சுவரோரமாக நகர்ந்து வந்தார். மேலே பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பாதி எடம் குடு."

"பேரம் பேசாதீங்க. கால்மாட்டுல படுங்க."