திருத்தமும் என் பதினோரு தலையாட்டலும்

இந்தப் பூமியில் எதையுமே இருக்கிறபடி விட்டுவைக்காத பிறவி ஒன்று உண்டென்றால் அது திருத்தம் என்று நாங்கள் கூப்பிடும் பெண்தான். படைப்பதற்கு முன்னால் பிரம்மா அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நமக்கெல்லாம் முழங்கால் இரண்டு பக்கமும் மடங்கும். டவுன் பஸ்ஸில் முன் சீட்டு இடிக்காமல் உட்கார அதுதான் வசதி என்று காரணமும் எழுதிக் கொடுத்திருப்பாள்.

காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் கேன்டீனில் நான் டீ மாஸ்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. டீ போடும் வேலையில் அது ஒரு சௌகரியம். எத்தனை விரல் காட்டுகிறார்களோ அத்தனை டம்ளர். பேசவே வேண்டாம்.

திருத்தம் அப்போது தாமலிலிருந்து காலேஜ் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மூன்றாம் ஆண்டு மாணவி. வீட்டில் வைத்த பெயரைச் சொன்னால் வாட்ச்மேனுக்குக்கூட அவளைத் தெரியாது. ஜடையில் பூ இருக்குமோ இருக்காதோ, சிவப்பு மை பேனா ஒன்று செருகியிருக்கும். எங்கள் பலகையில் 'வடை, போண்டா, பஜ்ஜி' என்று எழுதியிருந்தது. ஒருநாள் அதன் கீழே ஒரு தாளை ஒட்டிவிட்டாள்: 'எது இப்போது போட்டது, எது காலையில் போட்டது என்று குறிப்பிடவும்.'

முதலாளி குதித்தார். "இன்னாம்மா, வியாபாரத்த கெடுத்துக்கினு?"

"கெடுக்கல சார். காலைல போட்ட வடைய வடகறியா ஆக்கிடுங்க. பழசுதான்னு தெரிஞ்சே சாப்புடுவாங்க."

முதலாளி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. வடகறி தினமும் பத்து மணிக்கே தீர்ந்துகொண்டிருந்தது.

அடுத்து காலேஜ் பஸ். கடைசியில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடமே கிடைப்பதில்லை, அதனால் ஒரு வாரம் தாமலிலிருந்தும் மறுவாரம் இன்னொரு கோடியில் இருக்கும் ஓரிக்கையிலிருந்தும் வண்டியைக் கிளப்புங்கள் என்று டிரைவருக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த மனுஷனும் ஒப்புக்கொண்டார். மூன்றாவது வாரம் இது எந்த வாரம் என்று அவருக்கே குழம்பிவிட்டது. தாமல்காரர்கள் ஒரு ரோட்டோரத்திலும் ஓரிக்கைக்காரர்கள் இன்னொரு ரோட்டோரத்திலும் நிற்க, இரண்டு ஊருக்கும் போகாமல் வண்டி காலியாகக் காலேஜுக்கு வந்து சேர்ந்தது. திருத்தம் அசரவில்லை. திருத்தத்துக்கே ஒரு திருத்தம் எழுதினாள்.

இப்படிப்பட்டவள் கண்ணில் ஒரு நோட்டீஸ் பட்டது. வருங்காலத்தில் பாடம் நடத்துவதும் படிப்பதும் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போட மாணவர்களும் வரலாம் என்று அதில் இருந்தது. குழுவில் சேர்ந்த மற்றவர்கள் சர்டிபிகேட்டுக்காகச் சேர்ந்தவர்கள். ரோபோ வாத்தியார் வேண்டும், வகுப்புக்கு ஏசி வேண்டும் என்று எழுதினார்கள். திருத்தம் எழுதியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிஷம், போன வகுப்பில் புரியாததை மாணவர்கள் சொல்ல வேண்டும். வாத்தியார் அதை வேறு விதமாகத் திரும்பச் சொல்ல வேண்டும்.

டீன் படித்துவிட்டுச் சிரித்தாராம். "புரியலன்னு யாரும்மா சொன்னது? நான் கேக்கும்போதெல்லாம் புரிஞ்சுதுன்னுதான் சொல்றாங்க. இந்த மாசத்துக்குள்ள ஆதாரம் கொண்டா. இல்லன்னா இத விட்டுடு."

நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நீங்கதான் ஆதாரம்."

ஆற்றிக்கொண்டிருந்த டீ டம்ளருக்கு வெளியே விழுந்தது.

"எங்க பசங்க உண்மைய சொல்லமாட்டாங்கண்ணா. இன்டர்னல் மார்க் சாருங்க கைல இருக்குது. உங்க மார்க்கு யார் கைலயும் இல்ல. தினம் பதினோரு மணிக்கு ஒருத்தர் வருவாரு. ஒரு டீ குடிக்கிற நேரத்துல அவர் பாடத்துல ஒரு விஷயத்த உங்களுக்கு சொல்லணும். புரிஞ்சா புரிஞ்சுது. புரியலன்னா புரியல."

"நான் அஞ்சாங்கிளாஸ்மா."

"அதாண்ணா வேணும்."

அவள் எப்படிப் பேசி இழுத்து வந்தாளோ தெரியாது, பேராசிரியர்கள் வந்தார்கள். பொருளாதார சார் விலைவாசி ஏறுவதை விளக்க என் போண்டாவைத் துண்டு துண்டாகப் பிய்த்தார். கடைசியில் அது போண்டாதானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேதியியல் சார் பால் ஏன் பொங்குகிறது என்று சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் இரண்டு தரம் பொங்கிவிட்டது.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி. புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் மேடம் முதலில் என்னைக் கேட்டார், "அண்ணா, உங்க வீட்டுல தறி இருக்குதா?"

"என் சம்சாரம் நெய்யுது மேடம்."

"ஜக்கார்டு பெட்டில அட்டை போடுவாங்க இல்ல, அதுல ஓட்டை இருந்தா இழை தூக்கும், இல்லன்னா தூக்காது. சேலைல மயில் வர்றது அப்டித்தான். கம்ப்யூட்டரும் அவ்ளோதாண்ணா. உண்டு, இல்ல, அந்த ரெண்டுதான் அதுக்குத் தெரியும். உங்க போன்ல போட்டோ வர்றதும் அப்டித்தான்."

எனக்குப் புரிந்துவிட்டது. நிஜமாகவே புரிந்துவிட்டது. வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

ஆனால் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "புரிஞ்சுதா மாஸ்டர்?" அவ்வளவு படித்த மனுஷன் நெற்றியில் வேர்வையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் தலையாட்டினேன். பதினோரு பேருக்கும் தலையாட்டினேன். திருத்தம் பக்கத்தில் நின்று 'புரிந்தது' என்ற இடத்தில் பதினோரு டிக் போட்டாள். ஒவ்வொரு தரமும், "நெஜமாவாண்ணா?" என்று கேட்டாள். நான் அதற்கும் தலையாட்டினேன். நாளுக்கு நாள் அவள் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசி டிக்கை அழுத்திப் போட்டதில் தாளே கிழிந்துவிட்டது.

மாசக் கடைசியில் டீன் அறையில் கூட்டம். பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீத் தட்டோடு உள்ளே போனபோது அவள் தாள் டீன் கையில் இருந்தது.

"கேன்டீன் மாஸ்டருக்கே எல்லாம் புரிஞ்சிருக்குது. நம்ம பசங்களுக்குப் புரியலன்னா அது சோம்பேறித்தனம். இத இத்தோட மூடிடலாம்மா."

திருத்தம் வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

"சார், எனக்குப் புரியல சார்" என்றேன். பதினோரு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன புரியல?"

"பத்து பேர் சொன்னதும் புரியல சார். மேடம் சொன்னது மட்டுந்தான் புரிஞ்சுது."

பொருளாதார சார் எழுந்தே விட்டார். "அப்பறம் ஏன்யா பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டின?"

"நீங்க அவ்ளோ பாடுபட்டு சொல்லிக்கினு இருந்தீங்க சார். டீ கூட ஆறிப்போச்சு. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு எப்டி சார் சொல்றது?"

ஒரு மாத உழைப்பைக் கெடுத்துவிட்டேன், இனி இந்தப் பெண் என் முகத்தில் விழிக்காது என்று நினைத்தேன். அவளோ நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"சார், இவருக்கு மார்க் போட யாருமில்ல. அப்பவும் இவரால சொல்ல முடியல. மார்க்க கைல வச்சிக்கினு இருக்கிறவங்ககிட்ட நாங்க எப்டி சார் சொல்லுவோம்? இதுக்கு மேல இன்னா ஆதாரம் வேணும்?"

வேதியியல் சார்தான் முதலில் சிரித்தார். டீன் தாளைத் திரும்ப ஒருமுறை படித்தார்.

"சரி. அடுத்த செமஸ்டர் ரெண்டு டிபார்ட்மென்ட்ல நடத்திப் பாப்போம். பத்து நிமிஷம் கெடையாது, அஞ்சு."

"ஏழு சார்" என்றாள் திருத்தம்.

ஏழுதான் நடந்தது. பொருளாதார சாருக்கு மட்டும் என் மேல் கோபம் ஆறவில்லை. தினமும் வந்து விலைவாசியை ஏற்றினார். நானும் தைரியமாக, "புரியல சார்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். நாலாவது நாள் போண்டாவைத் தொடாமல் பேசினார். புரிந்தது.

இந்த வருஷம் திருத்தம் படிப்பை முடித்தாள். கோயம்புத்தூரில் மேல்படிப்பு. போவதற்கு முன்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேன்டீனுக்கு வந்தாள். வகுப்பு எப்படி இருந்தால் யாருக்கு எது புரியும், யாருக்குப் புரியாது என்று ஆராய்கிற படிப்பாம். கையை ஆட்டி ஆட்டி நீளமாகச் சொன்னாள்.

"புரிஞ்சுதாண்ணா?"

"புரியலம்மா. இன்னொருவாட்டி சொல்லு" என்றேன்.

பையைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவள் முதல் தரம் சொன்னபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது.