கிளட்ச் சாரின் இரண்டாவது பிரேக்

கார் ஓட்டப் பழக்கும் பள்ளியைப் பதினாலு வருஷமாக நடத்திவந்த அந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர், அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் கிளட்ச் சார். "கிளட்ச்ச மிதி! கிளட்ச்ச மிதி!" என்று அவர் போடும் கூச்சலில், தெருவில் நடந்து போகிறவர்கள்கூட இடது காலை ஒரு தரம் அழுத்தி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில், மச்சானுக்குப் பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் மூன்று கிளாஸ் ஏற்றிக்கொண்டு, பள்ளி வண்டியிலேயே வீட்டுக்குக் கிளம்பினார். வண்டி நேராகத்தான் போனது. சாலைதான் வளைந்துவிட்டது. நடுவில் இருந்த தடுப்பைத் தள்ளிக்கொண்டே போய், போக்குவரத்துப் போலீஸ்காரரின் காலடியில் நிறுத்தினார். போலீஸ்காரர் அவருடைய பழைய மாணவர்.

"சார், நீங்களா?"

"நானேதான்ப்பா. உனக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கொடுத்தவன்."

"அதுக்கு ரொம்ப நன்றி சார். இதுல ஊதுங்க."

"குருவையே ஊதச் சொல்றியா?"

"குருங்கறதாலதான் உக்கார வெச்சு ஊதச் சொல்றேன். மத்தவங்கள நிக்க வெச்சுத்தான்."

ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்துத்தான் ஊதினார். கருவி போட்ட சத்தத்தில் எதிர் மருந்துக்கடைக்காரர் வெளியே ஓடி வந்தார்.

இரண்டு மாதம் கழித்து வழக்கு. உரிமம் போனால் வாத்தியார் வேலையும் போச்சு. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தார். நாலாம் நாள் காலை மூளையில் பல்பு எரிந்தது. மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்த அறைக்குள் பாய்ந்தார்.

"அன்னிக்கு வண்டி ஓட்டினது நீதான்!"

"நானா? நான் இங்க உங்க சட்டையத்தான் தேச்சிட்டிருந்தேன்."

"குறுக்கப் பேசாத. நம்ம வண்டியில ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கா? இருக்கு. நீ கத்துக்கற ஆளு, நான் பக்கத்து சீட்டுல வாத்தியார். தடுப்புல இடிச்சதும் நீ பயந்து எறங்கி ஓடிட்ட. வண்டிய ஓரங்கட்டலாம்னு நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தேன். சரியா அந்த நேரம் போலீஸ் வந்துட்டாரு."

"நான் எங்கங்க ஓடினேன்?"

"எங்கயோ ஓடு! செருப்பு வாங்கப் போ!"

"வண்டிய இடிச்சிட்டுச் செருப்பு வாங்கப் போனேனா?"

"பதட்டத்துல செருப்பு அறுந்துபோச்சு. போதுமா?"

பிறகு இந்தக் கதையைக் கேட்டதும் வக்கீல் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கழன்றுகொண்டார். மனைவி மட்டும் அப்போதே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"ஆனா ஒண்ணுங்க. 'கிளட்ச் எதும்மா'ன்னு நீதிபதி கேட்டா நான் ஹாரனத்தானே காட்டுவேன்?"

இத்தனை வருஷமாக வண்டி பழக்கச் சொல்லி அவள் கேட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தவர், அடுத்த திங்கட்கிழமையே கையைப் பிடித்து அழைத்துப்போய் அவளுக்குப் பழகுநர் உரிமம் வாங்கிக் கொடுத்தார். தினமும் காலையில் ஒரு மணி நேரம் பழக்கினார். அவள் ஆறாம் நாளே கூட்டமான சந்தைத் தெருவில் வண்டியைத் திருப்பினாள். கிளட்ச் சார் கத்துவதற்கு வாய்ப்பே கிடைக்காமல் தொண்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்குக்கு நாலு நாள் முன்னால் தேர்விலும் தேறி, நிரந்தர உரிமத்தையும் வாங்கிவிட்டாள்.

"நீ ஓட்டற ஓட்டுக்கு நீதிபதி என்ன, யார் வேணா நம்புவாங்க!" என்று பூரித்துப்போனார்.

நீதிமன்றத்துக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள். கூண்டில் ஏறி, செருப்பு அறுந்தது வரைக்கும் கிளட்ச் சார் உருக்கமாகச் சொல்லி முடித்தார். நீதிபதி அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு வண்டிய ஓட்டினது நீங்களாம்மா?"

"அம்மா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று பழகுநர் உரிமத்தைப் பணிவாக நீட்டினாள்.

நீதிபதி தேதியைப் படித்தார். பிறகு வழக்குத் தாளில் இருந்த சம்பவத் தேதியைப் படித்தார். "சம்பவம் நடந்து ஒன்பது நாள் கழிச்சுத்தானே இது வாங்கியிருக்கு?"

"ஆமாங்கம்மா. அவருதான் கூடவே வந்து வாங்கிக் கொடுத்தாரு. அதுக்கு முன்னாடி நான் ஸ்டியரிங்கத் தொட்டதே இல்ல."

மன்றமே சிரித்தது. கிளட்ச் சாரின் வலது கால் தானாகக் கூண்டின் பலகையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. அபராதம், பொய் சொன்னதற்குக் கடும் எச்சரிக்கை, ஆறு மாதம் உரிமம் முடக்கம். அதற்குப் பிறகும், ஓட்டுநர் பள்ளி ஒன்றில் பத்து நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் உரிமம் கைக்கு வரும்.

திரும்பும் வழியெல்லாம் பொருமினார்.

"கட்டின புருஷன இப்படிக் கவுத்துட்டியே!"

"பொய் சாட்சி சொன்னா ஜெயிலுங்க. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா பள்ளிய யாரு பாக்கறது? சீட் பெல்ட்டப் போடுங்க."

வரிக்குப் பயந்து பள்ளியை அவர் எப்போதோ மனைவி பெயரில்தான் பதிந்து வைத்திருந்தார். அவள் மறுநாளே ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரைச் சொல்லிக்கொடுக்க அமர்த்தினாள். மேஜைக்குப் பின்னால் தானே உட்கார்ந்தாள். கிளட்ச் சாருக்குத் தொலைபேசி எடுக்கும் வேலை. காலையும் மாலையும் வண்டி கழுவும் வேலை.

ஆறு மாதம் ஓடியது. ஊரில் இருந்த ஒரே ஓட்டுநர் பள்ளியில் கிளட்ச் சார் மாணவராகச் சேர்ந்தார். பத்து நாளும் முயல்குட்டியை மடியில் வைத்திருப்பவர் மாதிரி அவ்வளவு பதமாக ஓட்டினார். பஸ் டிரைவரே கைதட்டினார். கடைசி நாள் விறைப்பாகப் போய் மேஜை முன்னால் நின்றார். நிர்வாகி அம்மா படிவத்தை நிதானமாக நிரப்பி, முத்திரை குத்தி நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார்.

"பயிற்சி மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. காரணம்: பள்ளி வண்டி இவ்வளவு சுத்தமாக இதற்கு முன் இருந்ததில்லை."