அந்த லாட்ஜ் மட்டும் வேண்டாம்

கல்யாணமான நாள் முதல் என் மனைவியிடம் நான் ஒரு வாக்குவாதத்திலும் ஜெயித்ததில்லை. அதனால் இந்த முறை வாக்குவாதமே செய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். பேசினால்தானே தோற்க வேண்டியிருக்கிறது? தந்திரத்தால் ஜெயித்துவிடலாம்.

விஷயம் இதுதான். நான் ஒரு அலுவலகத்தின் கோப்பு அறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு என்ற சொல்லின் முழுப் பொருளையும் உணர்ந்தவன். ஜன்னலோரம் சாய்வு நாற்காலி, கையில் செய்தித்தாள், அது முகத்தின் மேல் விழுந்ததும் தூக்கம். அவளோ பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைவிரிப்பு, தலையணை, வார்டு சுத்தம் எல்லாவற்றையும் கட்டி மேய்த்த மேற்பார்வையாளர். அவளும் ஓய்வு பெற்றாள். அன்றோடு என் ஓய்வு முடிந்தது.

"சும்மா உக்காந்திருந்தா எனக்கு முட்டி வலிக்குதுங்க. சிட்டிக்குப் போயிடலாம். ஏதாவது வேலை கிடைக்கும்."

"இந்த வயசுலயா?"

"வேலைக்கு என் வயசு தெரியுமா?"

"என் முட்டிக்குத் தெரியும்."

"உங்க முட்டியை யாரு வேலைக்குக் கூப்பிட்டாங்க? நாலு நாள் போய் இருந்து பாப்போம். பிடிச்சா அங்கயே இருந்துடலாம். பிடிக்கலைன்னா இதைப் பத்தி இனிமே வாயே திறக்கமாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் தேனாகப் பாய்ந்தது.

"தங்குற இடத்தை நானே பாக்கறேன்" என்றேன்.

"தாராளமா பாருங்க. எதுவா இருந்தாலும் சரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பச்சைக் கட்டடம் ஒண்ணு இருக்காம், அந்த லாட்ஜ் மட்டும் வேண்டாம். படு மோசம்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

பக்கத்து வீடு வாழ்க. அவள் அந்தப் பக்கம் போனதும் போனை எடுத்து, அந்த லாட்ஜில் தங்கிப் போனவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். 'லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் மேனேஜர் ஸ்டூல் போட்டு இறக்கிவிட்டு டீயும் கொடுத்தார்.' 'தலையணை செங்கல் மாதிரி. ஆனால் மறந்து வைத்த பல்செட்டை வீடு தேடி வந்து கொடுத்தார்கள்.' 'சண்டை போட்டுக்கொண்டு வந்த எங்களுக்கு ஒரே ஒரு போர்வைதான் கிடைத்தது. ஆனால் சமாதானமாகிவிட்டோம்.' நான் எதிலும் 'ஆனால்' வரைக்கும்தான் படித்தேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. இந்த இடத்தில் ஒரு பகல் இருந்தால் போதும், மூட்டையைக் கட்டு என்பாள். உடனே அறை போட்டேன்.

போய் இறங்கியதும் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். "இது அந்த லாட்ஜ் இல்ல?"

"அப்படியா? போன்ல பார்த்தப்ப பச்சையா தெரியலையே."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படி ஏறினாள். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஒல்லியாக, ஏதோ துக்கத்தில் இருப்பவர் மாதிரி முகம் வைத்திருந்த மேனேஜர் ஓடி வந்து, "வாங்க மேடம், வாங்க" என்றார். நான் பெட்டியோடு பின்னால் நின்றேன்.

லிஃப்ட் வாக்குத் தவறாமல் பாதியில் நின்றது. ஸ்டூல் வந்தது. திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி மாதிரி அவள் நிதானமாக இறங்கினாள். நான் இறங்கும்போது ஸ்டூல் ஆடியது. அறைக்குள் போய் ஃபேனைப் போட்டேன், லைட் அணைந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பாத்தியாம்மா? ஃபேன் போட்டா லைட் அணையுது."

"நல்லதுதானே? தூங்கப்போறப்ப ஒரு சுவிட்சோட வேலை முடிஞ்சுது."

படுக்கைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தாள். இதோ வரப்போகிறது என்று பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் துவைச்சிருக்காங்க. காயவைக்கத் தெரியலை" என்றாள். மேனேஜரைப் பார்த்து, "எங்க காயப்போடறீங்க?"

"மாடிப்படிக்குக் கீழ, மேடம்."

"மொட்டைமாடி எதுக்கு இருக்கு?"

கட்டடத்துக்கு மொட்டைமாடி இருப்பது அப்போதுதான் தெரிந்தது போல மேனேஜர் மேலே பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் மாடியில் கொடி கட்டியாகிவிட்டது. கட்டியவன் நான்.

மறுநாள் வேறு வழி பார்த்தேன். எதிர் அறையில் ஒரு மருந்து கம்பெனி விற்பனையாளர். வழக்கமாக வருகிறவர். அவர் வாயாலேயே குறை சொல்லவைத்தால் இவள் அசைந்துகொடுப்பாள் என்று, அவள் காதில் விழும்படி கேட்டேன்.

"தலையணை எப்படி சார் இருக்கு?"

"அதை யாரு சார் வச்சுக்கறது? மருந்துப் பெட்டியை வச்சுப் படுப்பேன். அது கொஞ்சம் மெத்துனு இருக்கும்."

"கேட்டியாம்மா?" என்றேன் வெற்றியோடு. "அப்புறம் எதுக்கு சார் இங்கயே வர்றீங்க?"

"ஒரு தடவை காய்ச்சல்ல விழுந்துட்டேன். இந்த மேனேஜர்தான் பக்கத்துலயே உக்காந்து நெத்தியில துணி நனைச்சுப் போட்டாரு. வேற எந்த லாட்ஜ்ல சார் செய்வாங்க?"

என் மனைவி விற்பனையாளருடைய தலையணையை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். பின்னாலேயே எல்லா அறைத் தலையணைகளும் மேலே போயின. பிரித்து, பஞ்சை உதறி, வெயில் காட்டித் தைத்தாள். மேனேஜர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். அதனால் கீழே சாவி கொடுக்க ஆளில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஒரு டிராயருக்குள் சாவிகள் குப்பையாகக் கிடந்தன. கோப்பு அறையில் காலம் தள்ளிய கை அதைப் பார்த்துச் சும்மா இருக்குமா? ஆணி அடித்து, மாடிவாரியாக மாட்டினேன். வந்தவர்கள் கேட்டதும் சாவி கையில் கிடைத்தது. ஒருவர் "தேங்க்ஸ் சார்" என்று வேறு சொன்னார். என்னை யாரும் சார் என்று கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது.

அன்று மாடிக்குப் போனேன். வெள்ளை விரிப்புகள் வரிசையாகக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு க்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். லிஃப்டை நம்பாமல் எல்லா மாடியும் ஏறி இறங்கியவள் முட்டி என்ற சொல்லையே எடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே இருந்தது. முகத்தில் மட்டும் காட்டவில்லை.

நான்காம் நாள் மேனேஜர் முதல் முறையாகச் சிரித்தபடி வந்தார். "என்ன மேடம், முடிவு பண்ணிட்டீங்களா? மேல் மாடி ரூம் உங்களுக்குத்தான்."

"இவர் என்ன சொல்றாரோ" என்று என்னைப் பார்த்தாள்.

முடிவு என் கையில். இப்படியொரு நிலைமை என் இல்லற வாழ்க்கையில் வந்ததே இல்லை. பெருந்தன்மையாக இருப்பதென்று தீர்மானித்தேன்.

"சரி, உன் இஷ்டம். ஆனா ஒண்ணு, இந்த இடத்தைத் தேடிப் பிடிச்சது நான்தான். அதை மறந்துடாதே."

"மறப்பேனா? உங்க தேர்வு என்னைக்குத் தப்பியிருக்கு?"

நெஞ்சு நிமிர்ந்தது. அவள் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். உள்ளே நீல நிறத்தில் இரண்டு சீருடைகள். ஒன்றைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினாள்.

"சாவி குடுக்கவும் ஒரு ஆள் வேணும்னு மேனேஜர் போன்லயே சொன்னாரு. போட்டுப் பாருங்க."

போட்டேன். தோள், கை, வயிறு எல்லாம் அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

"இதை எப்ப தைச்சே?"

"போன மாசம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அந்த லாட்ஜை நான் தேர்ந்தெடுத்தது போன வாரம்.