மடிந்ததும் ஒழுங்கில்லாததும்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த லண்டன் மாநகரில் மூளையும் பிடிவாதமும் ஒரே தலைக்குள் நெருக்கியடித்துக் குடியிருந்த ஆள் சந்தியார் ஒருவர்தான். நான் துப்புரவு வேலை செய்யும் பல்கலைக்கழகக் கட்டடத்தில் செடிகளின் புரதத்தை ஆராய்பவர். யாழ்ப்பாணத்தவர், அறுபதை நெருங்கியவர். காலை வணக்கம் சொன்னால் பதிலுக்குப் புரதம் சொல்வார்.

"செடியின்ர கலத்துக்குள்ள ஒரு புரதம் வடிவா மடிஞ்சு, நாலு தெருச் சந்தி மாதிரி நிக்கும், தம்பி. அதின்ர கூட்டாளியள் ஒரு வடிவமும் இல்லாமல் நூல் மாதிரி அலையுதுகள். சந்தியில வந்து ஒட்டினாப் பிறகுதான் அதுகளுக்கு வடிவம் வரும்."

என் ஈர மொப்பைப் பிடுங்கி, அதன் நூல்களைக் கைக்குள் இறுக்கிக் காட்டுவார். அழுக்குத் தண்ணீர் தரையெல்லாம் ஓடும். விளக்குவது விஞ்ஞானம், துடைப்பது நான். சந்தி, சந்தி என்றே பேசியதால் சந்தியார் ஆனார்.

புரதம் அடைத்த தன் சின்னக் குழாய்களை மற்றவர்கள் எடுக்கக்கூடாது என்று, ஆய்வுகூடப் பிரிட்ஜில் இருந்த பெட்டிகளில் உள்ளே இருப்பது என்னவென்று தமிழில் எழுதி ஒட்டினார். அந்தக் கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆபத்து நான் என்பது அவ்வளவு பெரிய மூளைக்கு எட்டவில்லை.

இந்த வருட மாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, பழுதானதையெல்லாம் எறிந்து பிரிட்ஜைத் துப்புரவாக்கும்படி சூப்பர்வைசர் சொன்னார். ஒரு பெட்டியில் 'மடிந்தது' என்றிருந்தது. ஏதோ உயிர் போயிருக்கிறது என்று பயந்து தொடவில்லை. மற்றதில் 'ஒழுங்கில்லாதது' என்றிருந்தது. எழுதியவரே ஒழுங்கில்லை என்கிறார், பிறகென்ன? குப்பைப் பைக்குள் போட்டேன்.

ஒன்பது மணிக்குச் சந்தியார் வந்து பெட்டியைத் தேடினார். அது அவருடைய அரை வருட உழைப்பு. இரண்டும் ஒட்டுவதை வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் அவர் வேலை போய்விடும் என்று அவர் புலம்பியபோதுதான் அறிந்தேன்.

"நான்தான் சேர் எறிஞ்சனான்." மொப்பைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"ஏன்?"

"ஒழுங்கில்லாதது எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள்."

"அப்ப மற்றதை ஏன் விட்டனி?"

"மடிஞ்சுபோச்சு எண்டு கிடந்தது. செத்த சாமானில கை வைக்க ஏலாது, சேர்."

சந்தியார் கதிரையில் விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சூப்பர்வைசர் வந்து விசாரித்தபோது, பிழை தன்னுடையது என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு குப்பைப் பைக்குள் கையை விட்டு, வெதுவெதுப்பாகிவிட்ட பெட்டியை எடுத்தார்.

"மடிஞ்சதை எறிஞ்சிருந்தா இந்தச் சூட்டில வடிவம் குலைஞ்சு, நானும் முடிஞ்சன். இதுக்குக் குலையிறதுக்கு வடிவமே இல்லை. பாப்பம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். என் ஷிப்ட் பத்து மணிக்கு முடிந்தது. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். பின்னேரம் மூன்று மணிக்குத் தலையை நீட்டினார்.

"ஒட்டுது, தம்பி."

எது எதில் ஒட்டியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்த கிழமையும் இந்த மனிதர் இங்கே இருப்பார் என்பது மட்டும் விளங்கியது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

கிங்ஸ்பரி, 2009 மார்கழி 13, ஞாயிறு