வெளியூர்த் தையல்காரர்

“பேரு, வயசு எல்லாம் ஆச்சு. என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார் கிளினிக்கின் உதவியாளர்.

தொப்பியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு நின்றிருந்த டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பொய்ப் பெயர் ஒன்றைப் பேருந்திலேயே யோசித்து வைத்திருந்தார். பொய் வேலையை யோசிக்க மறந்துவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, எதிர் வரிசையில், ஒரு தையல் கடை தெரிந்தது.

“தையல்” என்றார்.

“அட, டெய்லரா! உட்காருங்கண்ணே. சீட்டை உள்ள கொடுத்துட்டு வந்துடறேன்.”

உட்காரத்தான் முடியாதே. சுவரோரமாகப் போய் நின்றார். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலிகள் வரிசையாகக் காலி. ஒரே ஒருவர் மட்டும் கால்மேல் கால் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். அவர் மருந்து விற்க வந்தவர்.

தலையைத் தூக்கிய டாக்டர் திடுக்கிட்டார். சுவரிலிருந்து அவரே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய படம் போட்ட சுவரொட்டி. கீழே கொட்டை எழுத்தில் அவர் எழுதிக் கொடுத்த வாசகம்: ‘மூலம் ஒரு நோய், குற்றம் அல்ல. வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.’

தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

மூலத்துக்கு வைத்தியம் பார்த்துப் பேர் வாங்கியவருக்கே மூலம் வந்துவிட்டது. வந்ததுகூடப் பெரிதில்லை. அதை மறைக்கப் போனதுதான் வினையாகிவிட்டது. தன் கிளினிக் அலமாரியிலிருந்து களிம்பு எடுத்தபோது நர்ஸ் பார்த்துவிட்டார். “வீட்டுக்காரிக்கு” என்று சொல்லிவைத்தார். நர்ஸ் நல்ல மனசுக்காரர். அன்று மாலையே டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டு, வீட்டம்மாவுக்குத் தைரியம் சொல்லி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

“எனக்கு எப்பங்க மூலம் வந்துச்சு? எனக்கே தெரியாம!” என்றாள் மனைவி.

“உனக்கில்ல. நம்ம டிரைவருக்கு. பாவம், கூச்சப்படுறார். அதான் உன் பேரைச் சொன்னேன்.”

மறுநாள் மனைவி டிரைவரைக் கூப்பிட்டு, ஒரு கூடைப் பழமும் காற்றடைத்த வளைய மெத்தையும் கொடுத்தாள். “இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல தம்பி” என்று ஆறுதலும் சொன்னாள். டிரைவர் ஒன்றும் புரியாமல் அந்த மெத்தைமேல் உட்கார்ந்து, பழம் தின்றுகொண்டே வண்டி ஓட்டினார். பின் இருக்கையில் நெளிந்துகொண்டிருந்த டாக்டர், அந்த மெத்தையைப் பார்த்துப் பார்த்து ஏங்கினார்.

இதற்கெல்லாம் நடுவே இரத்தம் மட்டும் நிற்கவில்லை. மூலத்திலும் இரத்தம் வரும், அதைவிடப் பொல்லாத நோயிலும் வரும். தானாக முடிவு கட்டாதீர்கள், ஒருவரிடம் காட்டுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். தன் ஊரில் காட்டலாமென்றால் எல்லா டாக்டரும் சிநேகிதர்கள். பயம் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். இரண்டுமாகச் சேர்ந்து அவரை வெளியூர்ப் பேருந்தில் ஏற்றிவிட்டன.

அவருக்கு அடுத்து வந்து பக்கத்தில் நின்ற பெரியவர் சுவரொட்டியைக் காட்டினார். “வெட்கப்படாதேன்னு சொல்றது சுலபம், டெய்லரே. இந்த ஆளுக்கு வந்து பாக்கட்டும், அப்பத் தெரியும்.”

“ஆமாங்க, தெரியும்” என்றார் டாக்டர், மனப்பூர்வமாக.

‘கடவுளே, பொல்லாததாக மட்டும் இருக்கக் கூடாது’ என்று வேண்டிக்கொண்டிருந்தபோது அவரை உள்ளே அழைத்தார்கள்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயதுதான். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டுப் பிறகுதான் பேசத் தொடங்கினார்.

“சொல்லுங்க டெய்லர் சார். என்ன பண்ணுது?”

“இரத்தம் போகுதும்மா. இரண்டாம் நிலை உள்மூலமா இருக்கும்னு...” டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “கடைக்கு வர்ற ஒருத்தர் சொன்னார்.”

“விவரமானவர்தான். டாய்லெட்ல எவ்வளவு நேரம் உட்காருவீங்க?”

“பேப்பர் படிச்சு முடிக்கிற வரைக்கும்.”

“முதல் பக்கமா, முழுப் பேப்பருமா?”

“வரி விளம்பரம் உட்பட” என்றார் டாக்டர், தலையைக் குனிந்தபடி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. படுக்கவைத்து, துணியால் போர்த்திவிட்டு, அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொட்டார். வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றார். அந்தக் கையின் பொறுமையில் டாக்டர் அசந்துபோனார். இத்தனை நிதானம் தன் கைக்கு வந்ததுண்டா என்று நினைத்துக்கொண்டார்.

“மூலம்தான் சார். நான் பார்த்த வரைக்கும் வேற பயப்படற மாதிரி எதுவும் இல்ல. ஆனா உங்க வயசுக்கு ஒருதடவை கேமரா விட்டுக் குடலை முழுசாப் பார்த்துடலாம். இப்போதைக்கு ரப்பர் வளையம் போட்டுவிடறேன். மூலம் தானா சுருங்கி விழுந்துடும்.”

டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. முகக்கவசத்துக்குள்ளேயே கடவுளுக்கு நன்றி சொன்னார். டாக்டரம்மா வளையத்தைப் போட்டு முடித்து, கை கழுவிக்கொண்டே பேசினார்.

“கீரை, பழம், தண்ணி மூணும் நிறையச் சேருங்க. வந்தா அடக்காதீங்க. வராட்டி முக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் உட்கார்ந்தா இதமா இருக்கும். பேப்பரை வெளியில வச்சுப் படிங்க. இதெல்லாம் என் சரக்கு இல்ல சார். வெளியே படத்துல இருக்காரே, அவர் பேசக் கேட்டுத்தான் நான் இந்த வைத்தியத்துக்கே வந்தேன். அவர்கிட்ட போறவங்க தலைநிமிர்ந்து திரும்புவாங்க.”

டாக்டருக்குக் குப்பென்று வியர்த்தது. ‘தெரிந்துவிட்டதோ?’ தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவசரமாக எழுந்தார். டாக்டரம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, உதவியாளரிடம் என்னவோ மெதுவாகச் சொன்னார்.

டாக்டர் வாசலை எட்டுவதற்குள் உதவியாளர் ஓடிவந்தார். “டெய்லரண்ணே! சட்டையில பட்டன் தெறிச்சுடுச்சு. ஊசி நூல் இருக்கு. ஒரு கை பார்த்து விடுங்களேன்.”

டாக்டருக்கு உயிர் வந்தது. பட்டன் தைக்கச் சொல்கிறார்கள் என்றால் நம்பிவிட்டார்கள்!

உதவியாளர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நிற்க, டாக்டர் குனிந்து தைத்தார். ஒவ்வொரு குத்துக்கும் தனித்தனி முடிச்சு, இழுத்து இறுக்கி, ஒட்ட நறுக்கி. “வலிக்குதா?” என்று பழக்கதோஷத்தில் கேட்டும்விட்டார்.

அப்போது பெரியவர் அவர்களைத் தாண்டி வாசல் பக்கம் நழுவினார்.

“எங்கே போறீங்க? அடுத்து நீங்கதான்” என்றார் உதவியாளர்.

“வேண்டாம்ப்பா. பொம்பளை டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது? இரத்தம்தானே, நாலு நாள்ல நின்னுடும்.”

டாக்டரின் ஊசி நின்றது. இந்த மனிதர் இப்போது படி இறங்கினால் திரும்பி வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். எத்தனையோ பேர் அப்படிப் போய், காலம் கடந்து வந்ததைப் பார்த்தவர்.

தொப்பியைக் கழற்றினார். முகக்கவசத்தையும் கழற்றினார்.

“ஐயா, போகாதீங்க. எனக்கும் வந்திருக்கு. நானும் வெட்கப்பட்டுத்தான் ஊர் தாண்டி ஓடிவந்தேன். அந்தப் படத்துல இருக்கிற ஆள் நான்தான். அந்த அம்மா பூவைத் தொடற மாதிரிப் பார்த்தாங்க. உள்ள போங்க.”

பெரியவர் சுவரைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

“உமக்குமா!” என்றார். சொல்லும்போதே முகத்தில் ஒரு தெம்பு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

டாக்டர் உதவியாளரைப் பார்த்துக் கைகூப்பினார். “மன்னிச்சுடுங்க தம்பி. நான் டெய்லர் இல்ல.”

“தெரியும் டாக்டர். பட்டன்கூட நல்லாத்தான் இருந்துச்சு. ‘நாம நம்பிட்டோம்னு நினைச்சு அவர் நிம்மதியாப் போகட்டும்’னு டாக்டரம்மாதான் பிய்க்கச் சொன்னாங்க.”